மருதாணி கறுக்காது

தலைமுடிக்குப் பூசும் சாயத்தில் ரசாயனச் சாயப்பொருள் கலந்திருந்தால், விற்பவர் அதன் மேல் ஓர் எச்சரிக்கையை அச்சிட வேண்டும். இதிலுள்ள பொருள்கள் சிலருக்குத் தோலில் எரிச்சல் உண்டாக்கலாம், ஆகவே முதலில் சிறிது பூசிச் சோதித்துப் பார்க்கவும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வையே போகலாம் என்பது அதன் சாரம். அது ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். வெளி அட்டையில் மட்டும் இருந்தால் போதாது, உள் உறையிலும் இருக்க வேண்டும். இது விதி. யாரோ ஒரு நல்ல மனிதர் கேட்டுக்கொண்ட வேண்டுகோள் அல்ல.

இந்த விதியைத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு ஒரு பெண் வருகிறாள் என்றால், அவள் தலை ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது என்று பொருள். எனக்கு அதற்கு முன்பே ஓரளவு தெரியும். மாவட்ட அலுவலகம் ஒன்றில் மனுப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பொட்டலத்தையும் பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பிரிப்பேன். பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு மனு, இங்கே விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்போவதில்லை.

வேலையில் இருந்தவரை, கடையில் விற்கும் சாதாரணத் தலைச்சாயம்தான் பூசினேன். அந்தப் பெட்டியில் மேலே சொன்ன எச்சரிக்கை தமிழிலேயே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அதை நிதானமாகப் படித்தேன். 'பார்வை போகலாம்' என்ற இடத்தில் பயம் வந்தது. அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, டவுனில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் 'கறுப்பு மருதாணி, முழுக்க முழுக்க மூலிகை' என்று எழுதிய பொட்டலம் வாங்கினேன். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தேன். எச்சரிக்கை இல்லை. சாயமாக இருந்தால் விதிப்படி எச்சரிக்கை இருக்க வேண்டும்; எச்சரிக்கை இல்லை; ஆகவே இது சாயம் இல்லை. இப்படி ஒரு முடிவுக்கு வர, ஆயுளில் பாதியைக் கோப்புகளுக்கு இடையில் கழித்திருக்க வேண்டும். ஒழுங்காக எச்சரித்தவனை விட்டுவிட்டு, வாயைத் திறக்காதவனை நம்பினேன்.

அரிப்பு ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால், பிறகு பிடரியில், பிறகு தலை முழுக்க. முடிக்கு அடியில் கட்டெறும்பு ஊர்வதுபோல இருக்கும். சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் வேறு எதையும் நினைக்க முடியாது. அரிப்பு ஒரு நோய் என்று யாரும் நினைப்பதில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவார்கள். தலையைச் சொறிந்தால் நகர்ந்து உட்காருவார்கள். ஜங்ஷனிலிருந்து பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் இருந்த ஒரு பெண், மடியில் தூங்கிய தன் பிள்ளையின் தலையை எடுத்து அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் தனியார். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார். "பொடுகு" என்றார். நான் கொண்டை போட்டிருந்தேன். அதை அவிழ்க்கக்கூடச் சொல்லவில்லை. மூடிய கோப்பைப் பார்த்தே உத்தரவு போடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூடக் கோப்பின் நாடாவைத் தொட்டுவிட்டுத்தான் போடுவார்கள். அவர் எழுதிக் கொடுத்த ஷாம்பு தலையை வறட்டிச் சருகாக்கியது. அரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து என் மதினி. அண்ணனின் மனைவி, டவுனில் இருக்கிறாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், எதையும் என்னைவிட முப்பது மடங்கு நிச்சயமாகச் சொல்பவள். ஈர்வலியோடு வந்து, வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏளா, ஈரு பேனு ஒண்ணும் இல்லையே."

"நான்தான் சொன்னேனே மதினி."

"இருந்தா நல்லாருக்கும். என்னன்னு தெரிஞ்சுபோகும்லா." அவள் குரலில் உண்மையான ஏமாற்றம் இருந்தது. "உஷ்ணம்தான். தனியா இருக்கவளுக்கு உஷ்ணம் தலைக்குத்தான் ஏறும்."

உஷ்ணத்துக்குச் சின்ன வெங்காயச் சாறு. அது எரிந்ததற்கு வெந்தயம். வெந்தயத்துக்குப் பிறகு எலுமிச்சம்பழம். புண்ணாகியிருந்த தோலில் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தவள் அண்டை வீட்டு அம்மாள். நான் கத்தியபோது, "எரிஞ்சா கேக்குதுன்னு அர்த்தம்" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். என் தலையில் கை வைக்காதவர்கள் யார் என்று கணக்கெடுத்தால், வைத்திருக்க வேண்டியவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அதாவது டாக்டர்கள்.

புரட்டாசியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அங்கே என் சித்தி மகள் இருக்கிறாள், அப்பளம் போடும் வீடு. ஆற்றில் குளித்தால் எந்த அரிப்பும் ஓடிவிடும் என்று அவள் போனில் சொன்னாள். அவள் சொன்னதுபோலவே நடந்ததுதான் என் துரதிர்ஷ்டம். அவள் வீட்டில் இருந்த நாள்களில் தினமும் படித்துறையில் முங்கிக் குளித்தேன். ஒரு வாரம் போனதும் அரிப்பு குறைய ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் தலையில் கை வைக்காமல் ஒரு முழுச் சாயங்காலம் அப்பளத்துக்கு மாவு உருட்டிக் கொடுத்தேன். பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். மறுநாள் பழைய சக ஊழியர் வீட்டில் கல்யாணம். வெள்ளை தெரிகிறதே என்று பொடியைக் கரைத்துப் பூசிக்கொண்டு போனேன். பந்தியில் இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது.

குடும்பம் கூடித் தீர்ப்பு எழுதியது: தண்ணீர். பாளையங்கோட்டைத் தண்ணீர் கெட்டது, ஆற்றுத் தண்ணீர் நல்லது. அண்ணன் மகன் காரில் ஆற்றுத் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து இறக்கினான். என் வீட்டுக் குழாயில் மாநகராட்சி விடுவதும் அதே தாமிரபரணித் தண்ணீர்தான் என்று நான் சொன்னேன்.

"அது பைப்புல வருது, அத்தை," என்றான். இன்ஜினியரிங் படித்தவன்.

கல்லிடைக்குறிச்சியில் நான் குளித்தேன் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அங்கே இருந்த நாள்களில் நான் பொடி பூசவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பொட்டலத்தை எடுத்துப் போகாமல் அலமாரியில் விட்டுப் போயிருந்தேன், அவ்வளவுதான். செய்ததை மட்டும் விசாரித்தோம். செய்யாமல் விட்டதை விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆற்றுத் தண்ணீர்க் கேன்களும் பலன் தராமல் போனதும் இரண்டாவது டாக்டரைப் பார்த்தேன். இவர் பெரிய டாக்டர், வெளியே காத்திருக்க ஏ.சி. அறை உண்டு. இவரும் கொண்டையைத் தொடவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"ரிட்டயர் ஆனவங்களுக்கு இப்படி வரும் மேடம். மனசுக்கு வேலை இல்லேன்னா உடம்பு ஒரு வேலையைக் கண்டுபிடிச்சுக்கிடும். கோயில் குளம்னு போங்க. ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கங்க."

"சொறியுறதே முழுநேர வேலையா இருக்கு டாக்டர். பொழுதுபோக்குக்கு நேரம் இல்லை," என்றேன். அவர் அதையும் மனநோயின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டிருப்பார்.

தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். ஓர் ஆண் அதே நாற்காலியில் உட்கார்ந்து தலை அரிக்கிறது என்று சொல்லியிருந்தால், அவன் தலையைப் பார்த்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. கோபம் இருக்கிறது.

மார்கழியில் மதினி வந்தாள். கையில் பிரசாதம். முகத்தில் ஒரு காரியத்தை முடித்துவிட்ட நிம்மதி.

"உனக்காக வேண்டிக்கிட்டேன்."

"சந்தோஷம் மதினி."

"தலை சரியாயிட்டுன்னா, திருச்செந்தூர்ல முடியைத் தாரேன்னு நேர்ந்திருக்கேன்."

"உங்க முடியையா?"

"என் முடி எதுக்குளா? அரிக்கது உனக்குலா. உன் முடியைத்தான்."

அவள் பேரனுக்கு மாசியில் முதல் மொட்டை வைத்திருந்தார்கள். அத்தைக்கும் அன்றைக்கே எடுத்துவிட்டால் ஒரே வேன் போதும் என்று அண்ணன் சொன்னானாம். வேன் பேசி முடித்துவிட்டார்கள். என் தலைக்கு என்னைத் தவிர எல்லோரும் சம்மதம் கொடுத்திருந்தார்கள்.

அந்த முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னை அழகு என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. முடியைச் சொல்லியிருக்கிறார்கள். முழங்காலும் கண்ணும் பல்லும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன, முடி மட்டும் பணியில் இருந்தது. காலையில் அதை வாரி, சுருட்டி, கொண்டை ஊசியைச் செருகும்போதுதான் அந்த நாள் எனக்குத் தொடங்கும். கணவனோ பிள்ளையோ இல்லாதவளிடம் இதையும் கேட்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சாமியின் மேல் அல்ல. சாமி கேட்கவில்லை.

"அடுத்தவ பட்டா நிலத்தை நீங்க எப்படி மதினி கிரயம் எழுதிக் குடுப்பீய?"

"சாமி விசயத்துல ஆபீஸ் பேச்சு பேசாத."

வேண்டுதலின் வாசகத்தை நான் கவனித்தேன். 'சரியாகிவிட்டால்' முடியைக் கொடுக்க வேண்டும். சரியாகாவிட்டால், மொட்டை போட்டாவது மருந்து தடவலாம் என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தான். அரிப்பு நின்றால் முடி போகும். நிற்காவிட்டாலும் போகும். இப்படி இரண்டு பக்கமும் அடைத்து ஓர் உத்தரவு எழுத, என் அலுவலகத்தில் மூத்த அதிகாரி ஒருவரால்தான் முடியும்.

தை பிறந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அதற்கு முன் ஏன் போகவில்லை என்றால், கூட்டம். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, தோல் நோய்ப் பிரிவு வாசலில் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். என் முறை வந்தது. நடுவயதுப் பெண் டாக்டர். அவர் சொன்ன முதல் வார்த்தை, "கொண்டையை அவுங்கம்மா."

ஆடியிலிருந்து தை வரை யாரும் சொல்லாத வார்த்தை. எழுந்து நின்று நன்றி சொல்லத் தோன்றியது. ஊசியை உருவினேன். அவர் விளக்கை இழுத்துவைத்து, காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் பிடரியிலும் பார்த்தார்.

"தலையில என்னென்ன போடுதீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். எண்ணெய், ஷாம்பு, வெங்காயம், வெந்தயம், எலுமிச்சம்பழம், ஆற்றுத் தண்ணீர். எலுமிச்சம்பழத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாயம்?"

"சாயம் போடுறதில்லை. மூலிகைதான். மருதாணிப் பொடி."

"முடி நல்லாக் கறுப்பா இருக்கே."

"ஆமா. கறுப்பு மருதாணி."

அவர் என் முடியின் ஒரு கற்றையை விரலில் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "சின்னப் பிள்ளையில கையில மருதாணி வச்சிருக்கீங்களா?"

"வைக்காம இருப்பனா?"

"என்ன நிறம் பிடிச்சுது?"

தீபாவளிக்குத் தீபாவளி உள்ளங்கை சிவந்த பெண்தானே நானும். யார் கை அதிகம் சிவந்தது என்று தங்கைமாரோடு சண்டை போட்டவள்தானே.

"மருதாணி செவக்கும். கறுக்காது," என்றார் அவர். "அரை மணி நேரத்துல கறுத்துதுன்னா, உள்ள சாயம் கலந்திருக்கு. பொடியை இன்னைக்கே நிறுத்துங்க. ஆனா ஊகத்துல விட வேண்டாம், சோதிச்சுப் பாத்துருவோம்."

முதுகில் சிறு சிறு வில்லைகளாக எதையெதையோ ஒட்டினார்கள். நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள், பிறகு இன்னொரு முறை பார்த்தார்கள். மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. தலைச்சாயத்தில் கறுப்புக்காகச் சேர்க்கும் பொருளை வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்து, சிறு கொப்புளங்களாக நின்றது. சாதாரணச் சாயத்திலும் இதே பொருள்தான் இருக்குமாம். வருஷக்கணக்காகப் பூசியதை உடம்பு பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் இனி முடியாது என்று முடிவு செய்துவிடுமாம். இந்தப் பொடியில் எவ்வளவு போட்டிருந்தார்களோ, அதை அளந்து போட்டவனுக்கும் தெரிந்திருக்காது. பொடுகு, பேன், தண்ணீர், உஷ்ணம், மனசு என்று இத்தனை பேர்மேல் பழி போட்டோம். குற்றவாளி என் அலமாரியில் துளசி இலைப் படத்தோடு உட்கார்ந்திருந்தது.

"இனிமே கறுப்புச் சாயம் எதுவும் வேண்டாம். மூலிகைன்னு சொன்னாலும் வேண்டாம். அடுத்த தடவை முகம் வீங்கி, கண்ணு அடைச்சு, மூச்சு முட்டி வர வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர். தலையில் தடவக் கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒரு மருந்துத் தண்ணீர், மணமில்லாத மென்மையான ஷாம்பு, நகத்தை ஒட்ட வெட்டச் சொன்ன ஒரு கட்டளை. எண்ணெயும் எலுமிச்சையும் தோல் ஆறும்வரை கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். சில நாளில் எரிச்சல் அடங்கியது. சில வாரத்தில் அரிப்பு போயிற்று. போன பிறகுதான் எத்தனை மாதம் என் சொந்தத் தலைக்குள் நான் வாழவில்லை என்று தெரிந்தது.

அரிப்பு அடங்கியது. கோபம் அடங்கவில்லை. மீதிப் பொட்டலத்தோடு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இதுல எச்சரிக்கை எங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "மூலிகைக்கு எதுக்குக்கா எச்சரிக்கை? துளசிக்கு யாராவது எச்சரிக்கை போடுவாவளா?"

"இது துளசி இல்லை. சாயம்."

"சாயம்னா எச்சரிக்கை போட்டிருப்பாம்லா," என்றார் அண்ணாச்சி.

நான் எந்தத் தர்க்கத்தில் ஏமாந்தேனோ அதே தர்க்கம். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. என்னையும்.

பொட்டலத்தில் பேட்டைத் தொழிற்பேட்டையின் கதவிலக்கம் ஒன்று இருந்தது. அங்கேயும் போனேன். அந்த இலக்கத்தில் ஜன்னல் கம்பி பற்றவைக்கும் பட்டறை. முதலாளி முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார்.

"பொடியாக்கா? இங்கன இரும்புப் பொடிதான் இருக்கு. வேணும்னா அள்ளிட்டுப் போங்க."

"இதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"முன்னாடியும் நாந்தான். பிறந்ததுல இருந்து இங்கனதான் நிக்கேன். எவனோ என் நம்பரைப் போட்டுக்கிட்டான். ஏலே," என்று உள்ளே இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டார், "நம்ம கம்பெனில அழகு சாதனம் தயாரிக்கோமாம், இங்க வந்து பாருலே." இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனு எழுதினேன். ஆயுள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்தவள், அதனால் எப்படி எழுதக் கூடாது என்று தெரியும். அழவில்லை, ஆண்டவனை இழுக்கவில்லை. பொருள், பார்வை, இணைப்பு. விதியை அப்படியே எழுதினேன். மருத்துவமனைச் சோதனை முடிவின் நகலை இணைத்தேன். பொட்டலத்தின் இரு பக்கமும் படமெடுத்து இணைத்தேன். பொட்டலம் என்னிடம் இருக்கிறது, மருந்து ஆய்வாளர் கேட்டால் ஒப்படைக்கத் தயார் என்றும், கடையில் இன்னும் விற்கிறது என்றும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஒருகாலத்தில் ஒரே மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மனு கிடைத்ததும் ஒப்புகை அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். இதைப் பல வருஷம் சுற்றறிக்கையாக அனுப்பியவள் நான். தபால்காரர் கொண்டுவந்த ஒப்புகை அட்டையைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். இருக்கையில் இருந்தவர் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"நடவடிக்கையில இருக்கு மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

மாசி வந்துவிட்டது. அரிப்பு நின்ற செய்தி மதினிக்கு எட்டியிருந்தது.

"பாத்தியா, முருகன் சும்மா விடுவானா?"

"பொடியை நிறுத்தினேன் மதினி. அதான் நின்னுது."

"நிறுத்தச் சொல்லி உனக்குப் புத்தி குடுத்தது யாரு?" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொடி மிச்சம் இருக்கா? இருந்தா தா, நான் தேச்சுக்கிடுதேன். எனக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது."

"மதினி!"

"வீணாப் போகுதேன்னு கேட்டேன்ளா."

வேனில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு மொட்டை, நான் அத்தைப் பாட்டி. திருச்செந்தூரில் முடியெடுக்கும் மண்டபத்தில் பிள்ளை அலறி முடித்து, தலையில் சந்தனத்தோடு அண்ணன் மகன் தோளில் விக்கிக்கொண்டிருந்தான். மதினி என் பெயருக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"உக்காரு."

"மாட்டேன்."

"ரெண்டு பேரும் கோயில்ல வச்சு ஆரம்பிக்காதீய," என்றான் அண்ணன்.

"நான் வேண்டலை அண்ணன். வேண்டினவங்க உக்காரட்டும். சாமிக்கு முடிதானே கணக்கு, யார் முடின்னா என்ன?"

நான் திரும்பிப் பார்த்தேன். மதினி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேந்ததைச் செய்யாமப் போயி, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா நான் என்னளா செய்வேன்?" என்றாள். குரல் வேறாக இருந்தது. "உன் தலை படுத பாட்டப் பாத்து எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல. அதான் நேந்தேன்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. பயந்தவளோடு எந்த விதியை வைத்து வாதாடுவது? என் தலையில் அத்தனை பேர் கை வைத்ததில், எனக்காகப் பயந்து வைத்த கை இது ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"பூமுடி எடுத்தா போதுமா?" என்று முடியெடுப்பவரைக் கேட்டேன். மொட்டைக்குப் பதிலாக நுனியில் மூன்று இடத்தில் கொஞ்சம் நறுக்கிக் காணிக்கை கொடுப்பது அது.

"பொம்பளையாளுக முக்காவாசிப் பேர் அதான் குடுக்காவ. அதுவும் முடிதானக்கா," என்றார் அவர்.

உட்கார்ந்தேன். கொண்டையை நானே அவிழ்த்தேன். மேலே விரல்நுனி அளவு வெள்ளை, கீழே முழுக்கக் கறுப்பு. மூன்று நறுக்கு. விழுந்தது எல்லாம் பொடி ஏறிய கறுப்பு. எந்த ஆய்வாளரும் வந்து எடுக்காத மாதிரியை முருகன் எடுத்துக்கொண்டான். மதினி அந்த முடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை நன்றாகக் கழுவச் சொன்னேன்.

அதன்பிறகு நினைவூட்டு எழுதினேன். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. இரண்டாவது நினைவூட்டு. குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று இன்னொரு மனு. இதற்குள் வெள்ளை காது வரை இறங்கிவிட்டது. ஏதாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதே வாய்கள்தான், போன வருஷம், இந்த வயதில் எதற்குச் சாயம் என்று கேட்டவை.

ஆனித் தேருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வடம் பிடிக்கும் கூட்டத்தை ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, மதினியோடு ரத வீதிக் கடைகளில் நடந்தேன். ஒரு தள்ளுவண்டியில் வளையலுக்கும் சீப்புக்கும் நடுவில் அதே பொட்டலம் அடுக்கியிருந்தது. துளசி போய்க் கற்றாழை வந்திருந்தது. பெயர் வேறு. கதவிலக்கம் அதே கம்பிப் பட்டறை. திருப்பிப் பார்த்தேன். எச்சரிக்கை இல்லை. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவுக்காக இரண்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வண்டியில் போட்டுவிட்டாள்.

"வேண்டாம்ளா. மருதாணி கறுக்காது. எங்க நாத்தனா தலையப் பாரு."

கடைக்காரன் எங்களைத் திட்டினான். நான் திருப்பித் திட்டினேன். என் பணிக்காலத்தில் நான் பயன்படுத்தாத சில சொற்களைப் பயன்படுத்தினேன். பொட்டலம் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், அடுத்த மனுவுக்கு இணைப்பாக.

மறுநாள் பாளையங்கோட்டைக்கு மதினியும் கூட வந்தாள். கதவிடுக்கில் பழுப்பு உறை கிடந்தது. பிரித்து நின்றபடியே படித்தேன். மனுவில் கண்ட கடையில் ஆய்வு செய்ததில் மேற்படி பெயருள்ள பொருள் விற்பனையில் இல்லை எனத் தெரியவருவதாலும், தயாரிப்பாளரின் முகவரியில் அவ்வாறான நிறுவனம் ஏதும் இயங்கவில்லை என அறியப்படுவதாலும், மனு முடித்துவைக்கப்படுகிறது.

"என்னவாம்?" என்றாள் மதினி.

"அப்படி ஒரு பொடியே இல்லையாம்."

அவள் என் தலையைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். "எழுது," என்றாள். "நானும் கையெழுத்துப் போடுதேன்."

பேனாவை எடுத்தேன். பழைய பழக்கத்தில், புது மனுவைத் தொடங்குவதற்கு முன், வந்த கடிதத்தின் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள்.